நேற்றைக்கு ஒரு டிக்கெட் – 7: சுரங்கத்தில் காத்திருக்கும் இன்னொரு நீ

ஆள் சேர்த்தாகிவிட்டது, வாட்ஸ்அப் குரூப்பும் தொடங்கியாகிவிட்டது. எழுத்திலேயே ஆடும் காலப்பயண ஆட்டம், சிலர் ஆட ஒருவர் நடத்துவார் என்பதுவரை தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எந்தெந்தக் காலத்துக்குப் போகலாம் என்று இந்த வாரம் பட்டியல் போடுவதாகச் சொல்லியிருந்தேன். பட்டியல் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் வாரம் முழுக்க என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஒரு நிலக்கரிச் சுரங்கம். அதைச் சொல்லாமல் பட்டியலுக்குப் போக மனசு வரவில்லை.

1984-இல் அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் ‘சார்சரர்’ என்று ஓர் ஆட்டம் வெளியிட்டது. எழுதியவர் ஸ்டீவ் மெரெட்ஸ்கி. படம் ஒன்றுகூடக் கிடையாது. திரையில் நாலு வரி வரும். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று நீங்கள் ஆங்கிலத்தில் தட்டினால் அடுத்த நாலு வரி வரும். மொத்த ஆட்டமும் 128 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று விடிந்ததும் உங்கள் போனுக்கு வந்த காலை வணக்கம் ரோஜாப்பூ படம் அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

நீங்கள் ஒரு மந்திரவாதி. காணாமல்போன குரு பெல்போஸைத் தேடிப் போகிறீர்கள். வழியில் அந்தச் சுரங்கம். உள்ளே காற்று கெட்டுப்போயிருக்கிறது. மூச்சே தேவைப்படாமல் செய்யும் ஒரு மருந்தைக் குடித்துவிட்டுத்தான் தாக்குப்பிடிக்க முடியும். அங்கே எண்பூட்டுப் போட்ட ஒரு கதவு. எண் உங்களுக்குத் தெரியாது. எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. திகைத்து நிற்கும்போது எதிரே ஓர் ஆள் தோன்றுகிறார். பார்த்தால், நீங்கள்தான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இருக்கப்போகிற நீங்கள். உங்கள் மந்திரப் புத்தகத்தைக் கேட்கிறார். கொடுத்தால் பூட்டின் எண்ணைச் சொல்கிறார்.

அந்த எண்ணைப் போட்டுக் கதவைத் திறக்கிறீர்கள். மேற்கொண்டு போகப் போக, காலத்தில் பின்னால் போகும் மந்திரம் கையில் கிடைக்கிறது. உச்சரித்தால், சற்று முன்னால் இருந்த அதே சுரங்கம். அங்கே எண் தெரியாமல் ஓர் ஆள் திகைத்து நிற்கிறார். அவரும் நீங்கள்தான். இப்போது புத்தகத்தைக் கேட்டு வாங்குவதும் எண்ணைச் சொல்வதும் உங்கள் முறை. சொல்லாமல் விட்டீர்களானால் அவர் கதவைத் திறக்கப்போவதில்லை, மந்திரத்தை எடுக்கப்போவதில்லை, நீங்கள் இங்கே வந்திருக்கவே வழியில்லை. ஆட்டம் உங்களை இல்லாமலே ஆக்கிவிடுகிறது.

எனக்குப் பித்துப் பிடித்தது இங்கேதான். அந்த எண்ணைக் கண்டுபிடித்தது யார்? இளையவர் மூத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மூத்தவர், தான் இளையவராக இருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டார். பூட்டை ஆராய்ந்து, குறித்து, யூகித்துக் கண்டுபிடித்த ஆள் ஒருவர்கூட இல்லை. எண் மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. டேவிட் லூயிஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1976-இல் காலப்பயணத்தின் முரண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தன்னோடு தானே பேசி, அந்தப் பேச்சிலிருந்தே கால இயந்திரம் செய்யக் கற்றுக்கொள்ளும் ஓர் ஆளை அதில் கொண்டுவருகிறார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் காரணம் இருக்கிறது, முழுச் சங்கிலி எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் காரணம் இல்லை, இது விசித்திரம்தான், ஆனாலும் நடக்கமுடியாததென்று சொல்வதற்கில்லை என்பது அவர் வாதம். அவர் பத்தி பத்தியாக வாதாடியதை ஆட்டக்காரர் அந்தச் சுரங்கத்தில் தன் விரல்களால் தட்டி அனுபவிக்கிறார். எண்ணைத் தட்டும் அந்த நொடியில், தான் இதுவரை யாராக இருந்தோம் என்பது அவருக்கு உறைக்கிறது. படம் காட்டும் எந்த ஆட்டத்திலும் எனக்கு இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

சரி, இதை நம் ஆட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி? ‘சார்சரர்’ தனி ஆள் ஆடுவது. பிசகினால், சேமித்து வைத்த இடத்துக்குப் போய் மறுபடி தொடங்கலாம். மூத்தவரைப் பேசவைப்பதும் கணினி, கணக்கு வைத்துக்கொள்வதும் கணினி. பலர் சேர்ந்து ஆடும்போது யாருக்காகவும் காலத்தை நிறுத்தி வைக்க முடியாது.

பலர் சேர்ந்து ஆடும் எழுத்து ஆட்டத்தின் பிறந்த வீடு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகம். 1978-இல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் அங்கிருந்த பிடிபி-10 கணினியில் எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். ‘மட்’ என்று பெயர். பகலில் கணினிக்கு வேலை இருக்கும் என்பதால் வெளியாட்கள் நள்ளிரவு தாண்டித்தான் தொலைபேசி வழியே உள்ளே வரமுடியும். தூக்கம் கெட்டு வந்தார்கள். புதையலைத் தேடி எடுத்து ஒரு சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளி கிடைக்கும். போட்டது போனதுதான். அப்படியே எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் உலகமே காலியாகிவிடுமே? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ரீசெட். உலகம் மொத்தமும் தொடக்க நிலைக்குத் திரும்பும். புதையல் பழைய இடத்தில், பூட்டிய கதவு பூட்டியபடி. ஆட்டக்காரர்களின் புள்ளியும் நினைவும் மட்டும் மிஞ்சும். ‘மாநாடு’ படத்தில் சிம்பு மறுபடி மறுபடி விமானத்தில் கண்விழிப்பாரே, அதை ஓர் ஊரே சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும்? காலப்பயணம் என்ற பெயரே சூட்டாமல் தினசரி அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் வழியே ‘பிரிட்டிஷ் லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில் ஓடிய இதே ஆட்டம் 1999-இன் கடைசியில் நிறுத்தப்பட்டது. கணினிகளுக்கு 2000-ஆம் ஆண்டைப் புரியவைக்கும் ஒய்2கே வேலையில் கழித்துக்கட்டிய பழைய சாமான்களில் அதுவும் ஒன்று. உலகத்தைத் தினமும் பின்னால் திருப்பிக்கொண்டிருந்த ஆட்டம் ஒரு தேதி மாற்றத்தில் அங்கே முடிந்துபோனது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

ஆனால் நமக்கு ரீசெட் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தெரிந்தால் யாருக்கும் எதிலும் பயமிருக்காது. 2011-இல் வந்த ‘அக்ரான்’ என்ற போர் ஆட்டம் வேறு வழியில் போனது. எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் சில நிமிடம் முந்தைய காலத்துக்குப் போய்ப் படையை வேறு பக்கம் திருப்பிவிடலாம். அந்த மாற்றம் உடனே நிகழ்காலத்தைத் தொடாது; அலை அலையாகத்தான் வந்து சேரும். நேற்றைத் தொடுவதற்குச் செலவும் உண்டு. அதற்கான சக்தி தீர்ந்தால் சும்மா இருக்கவேண்டியதுதான். மூளைக்காரர்களின் வேலை. ஆனாலும் அதற்கு விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் ஓர் இயந்திரம் வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குரூப்.

குரூப்பில் ஒன்று இருக்கிறது, அக்ரானில் இல்லாதது. தட்டியது எல்லாம் அங்கேயே கிடக்கும். மேலே தள்ளிப் பார்த்தால் எது நடந்தது என்று வரிக்கு வரி தெரியும். ஆகவே நம் ஆட்டத்தின் ஒரே பெரிய விதியை அதிலிருந்தே எடுத்துக்கொண்டோம்: எழுதியது நடந்தது, அதை யாரும் மாற்ற முடியாது, எழுதாதது எப்படி வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். இகோர் நோவிகோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளர் 1980-களில் சொன்ன கொள்கைக்கு இது ஒன்றுவிட்ட தம்பி: கடந்த காலத்துக்குப் போகிறவர் செய்வதெல்லாம் ஏற்கெனவே நடந்ததோடு ஒத்துப்போகத்தான் செய்யும் என்பது அவர் கட்சி.

இந்த விதியோடு சுரங்கத்தைச் சேர்த்ததில்தான் விஷயம் சூடுபிடித்தது. உன் எதிர்கால ஆள் உன்னைப் பார்க்க வந்தால், அவனாக நீ ஆடக்கூடாது. குழுவில் இன்னொருவர் ஆடவேண்டும். அவர் என்ன எழுதுகிறாரோ அது உன் தலையெழுத்து. பிறகு ஒருநாள் நீயே பின்னால் போய் அந்த வார்த்தைகளை எழுத்துப் பிசகாமல் பேசித் தீர்க்கவேண்டும். இதைக் ‘கடன்’ என்கிறோம். குரூப்பில் மேலே பின் செய்து வைத்துவிடுகிறோம். 1999-இல் வந்த ‘கண்டினுவம்’ என்ற மேஜை ஆட்டத்திலும் இப்படிக் கடன் தீர்க்கும் ஏற்பாடு உண்டு. அங்கே, உனக்கு நடந்தாகவேண்டியது நடக்காமல் போனால் உன் ஆளே துண்டு துண்டாகச் சிதையத் தொடங்குவான்.

வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தோம். குழுவில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆள், கதைப்படி 1930-இல், ஒரு தபால் நிலையத்தின் பின்னறையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. அவனுடைய எதிர்கால ஆளாக எழுத வந்தவர் கணக்கு டீச்சர்.

“மூலையில் காற்று சுழல்கிறது. அங்கே நிற்பது நீயேதான். இடது முழங்கையில் துணிக்கட்டு. மூன்றாவது பையில் சாவி இருக்கிறது என்கிறாய்.”

“கையில என்ன காயம்னு கேக்குறேன்.”

“சிரிக்கிறான். பதில் சொல்லவில்லை. போய்விட்டான்.”

சாவி கிடைத்துவிட்டது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆட்டத்துக்கு வெளியே தம்பி தனியாகக் கேட்டார்: “டீச்சர், என் கைய ஏன் உடைச்சீங்க?”

“நான் எங்கப்பா உடைச்சேன்? கட்டு இருக்குன்னுதான் எழுதினேன்.”

அதற்குப் பிறகு அந்த ஆள் எந்த ஏணியில் ஏறினாலும், எந்தச் சண்டையில் தலையிட்டாலும் குழுவே அவன் இடது கையைத்தான் பார்த்தது. ஒரு வண்டிச்சக்கரம் உரசிக்கொண்டு போனபோது ஆளாளுக்கு “இதுதான், இதுதான்” என்று தட்டினார்கள். இல்லை, வலது கைப்பக்கம். கடனைத் தீர்க்கவேண்டிய நாள் நெருங்கியது, காயம் மட்டும் வரவில்லை. கடைசியில் தம்பி டீச்சரின் வரிகளை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். துண்டு ஒன்றைக் கிழித்து, ஒரு கீறல்கூட இல்லாத முழங்கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, 1930-க்குப் போனார். “மூன்றாவது பையில் சாவி இருக்கிறது” என்றார். இளைய ஆள் காயத்தைப் பற்றிக் கேட்டான். சிரித்தார், பதில் சொல்லவில்லை, போய்விட்டார். குரூப் அப்படிக் கொண்டாடி நான் பார்த்ததில்லை. எழுதிய வரியில் ஒன்றுகூட மாறவில்லை. எழுதாமல் விட்ட இடத்தில் ஒரு மனிதன் முழுசாகத் தப்பிவிட்டான்.

அந்த உற்சாகத்தோடுதான் காலப் பட்டியலை எடுத்தோம். எல்லாரும் எழுதிக்கொடுத்ததில் பொதுவாக இருந்த ஒரே பெயர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில், தனுஷ்கோடியைத் தொடுவதற்கு முன்பே கடல் ஏறி வந்து அடித்ததில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு போய்விட்டது. அந்த ரயிலை நிறுத்தவேண்டும் என்று நினைக்காத ஆள் எங்கள் குழுவில் இல்லை.

நிறுத்த முடியாது. அது எழுதப்பட்டது, நம் குரூப்பில் எழுதியதைவிட ஆயிரம் மடங்கு உறுதியாக. 1986-இல் பிரையன் மோரியார்ட்டி எழுதிய ‘டிரினிட்டி’ என்ற ஆட்டம் ஆட்டக்காரரை 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனத்தின் முதல் அணுகுண்டுச் சோதனை வரை கூட்டிப்போகும். அங்கே என்ன செய்தாலும் அணுயுகம் பிறந்தே தீரும். அந்தக் கண்டிப்பு சரியென்றே நினைக்கிறேன். நிஜமாக இறந்தவர்களைப் புள்ளிக்காகப் பிழைக்கவைத்தால் அது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

ஆனால் டீச்சர் ஒன்று கேட்டார். இறந்தவர்களின் கணக்கு ரயிலில் ஏறியவர்களை வைத்துத்தானே? ஏறுவதற்காகப் பாம்பன் பிளாட்பாரம் வரை வந்து, ஏதோ காரணத்தால் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பியவரை எந்தப் பதிவேடு எழுதும்? அப்படி ஒருவர் அன்று இருந்திருக்கலாம் அல்லவா? அவரை நிறுத்திய காரணம் நம் ஆட்களில் ஒருவர் ஏன் ஆகக்கூடாது? வழி கேட்டு நிறுத்தியிருக்கலாம். சில்லறை கேட்டு வம்பு வளர்த்திருக்கலாம். சூட்கேஸை மாற்றி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம்.

இதில் நிறைய யோசிக்க இருக்கிறது. அந்த ரயிலில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நிஜப் பயணி ஒருவர் பெயரைக்கூட நாங்கள் தொடப்போவதில்லை. ரயிலுக்குள் ஒரு காட்சியும் எழுதப்போவதில்லை. பிளாட்பாரம் வரைக்கும்தான் நமக்கு அனுமதி என்று வரம்பு கட்டியிருக்கிறோம். அதற்குள் எவ்வளவு ஆடமுடியும், ஸ்டேஷன் மாஸ்டராக யார் எழுதுவது, அன்றைய வானிலை எச்சரிக்கை எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கலாம் என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த வாரம் பாம்பன் பிளாட்பாரத்தில் தொடங்குகிறோம். பட்டியலில் மீதியிருக்கும் காலங்களையும் அப்போது சொல்கிறேன்.

(தொடரும்)