ஆட்டுக் கண்ணில் பூ விழுந்தால்

திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டிட்டுப் போறவங்களுக்குத் தெரியும், கண்ணில் பூ விழுந்தா விலை இறங்கிடும்.

நம்ம பக்கம் இதுக்கு ஒரு காரணம் சீமைக் கருவேல முள். மேயும்போது முள் கருவிழியைக் கீறும். கிருமி சேர்ந்து புண்ணாகி அந்த இடம் வெளுக்கும்.

அப்போ வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை ஊத்துறதுதான் பெரிய தப்பு. அதில் ஸ்டீராய்டு இருந்தா சிவப்பு குறையும், குணமாகிற மாதிரி தெரியும். ஆனா புண் உள்ளே ஆழமாகி, கருவிழியே ஓட்டையாகலாம். அதனால்தான் கால்நடை மருத்துவர் முதலில் ஃபுளோரசின் சாயம் விட்டுப் பார்க்கிறார். புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாத் தெரியும். பச்சை தெரிஞ்சா ஸ்டீராய்டு கூடாது, ஆன்டிபயாட்டிக் மருந்துதான்.

நாம செய்ய வேண்டியது: கொதிச்சு ஆறின தண்ணீரிலோ சலைனிலோ கண்ணைக் கழுவுங்க. குத்தி நிற்கிற முள்ளைப் பிடுங்காதீங்க. புகையிலைச் சாறு, உப்பு எதுவும் வேண்டாம். நிழலில் கட்டிட்டு, அன்னைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க. முடியலைன்னா 1962-க்கு போன் பண்ணுங்க.

மந்தையில் ரெண்டு மூணு ஆட்டுக்கு ஒரே சமயத்தில் கண்ணில் நீர் வடிஞ்சா, முள்ளைவிடத் தொற்றைத்தான் சந்தேகப்படணும். உடனே தனியாப் பிரிச்சுக் கட்டுங்க.