முட்டைக்கோஸ் பொம்மையும் மூழ்கிய பங்கும்

1983 நவம்பரில் அமெரிக்கக் கடைகளில் ஒரு பொம்மைக்காக அடிதடியே நடந்தது. பென்சில்வேனியாவில் ஒரு கடை மேலாளர் கூட்டத்தைச் சமாளிக்க பேஸ்பால் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உப்பிய கன்னமும் நூல்கூந்தலும் கொண்ட அந்தக் கேபேஜ் பேட்ச் பொம்மை அந்த ஆண்டில் மட்டும் சுமார் 30 லட்சம் விற்றது. தயாரித்தது கோலெக்கோ. 1932-ல் கனெக்டிகட் மாநிலத்தில் செருப்புத் தோல் வியாபாரமாகத் தொடங்கிய நிறுவனம். 1988 ஜூலையில் அதே கோலெக்கோ திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது. நடுவில் அதன் பங்கை வைத்திருந்தவர் எதைக் கவனித்திருக்க வேண்டும்?

முதலில் அந்தப் பொம்மையின் சூட்சுமத்தைப் பார்த்துவிடலாம். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்பதுதான் அதன் கவர்ச்சி. முட்டைக்கோஸ் தோட்டத்தில் பிறந்த குழந்தை என்று ஒரு கதை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், வாங்குபவருக்குத் தத்துப் பத்திரம். ஆலையில் லட்சக்கணக்கில் செய்வதை எப்படித் தனித்தனியாக்குவது? முகம், கூந்தல், கண் நிறம், உடை எல்லாவற்றையும் கணினியைக் கொண்டு மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். பேச்சுக்கு, 10 முகம், 10 கூந்தல், 5 கண் நிறம், 20 உடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 10,000 குழந்தைகள்!

இந்தச் சாமர்த்தியமெல்லாம் கணக்குப் புத்தகத்துக்குள் போனதும் வேறு விதிக்குக் கட்டுப்படுகிறது. பொம்மைத் தொழில் சிவகாசிப் பட்டாசு மாதிரி. ஆண்டு முழுக்கச் செலவு, பண்டிகையை ஒட்டித்தான் வரவு. கிறிஸ்துமஸுக்கு என்ன விற்கும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே ஊகித்து ஆலைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். கோடையில் சரக்கு கடைகளுக்குப் போய்ச் சேரும். ஆனால் கடைக்காரர் பணம் தருவது பெரும்பாலும் டிசம்பரில். எனவே ஜூலையில் புத்தகத்தில் ‘விற்பனை’ ஏறிவிடும். பெட்டியில் காசு இருக்காது. இப்படிக் கடைகளிடமிருந்து வர வேண்டிய தொகைக்கு வரவினங்கள் என்று பெயர். லாபம் காட்டும் ஒரு நிறுவனம் அதே மாதம் சம்பளத்துக்குக் கடன் வாங்குவது இப்படித்தான்.

ஆகவே நொடிக்கும் பொம்மை நிறுவனத்தில் லாபக் கணக்கைவிடக் கையிருப்புச் சரக்குக் கணக்குதான் முதலில் உண்மையைச் சொல்லும். விற்பனை படுத்திருக்க, கிடங்குச் சரக்கு மட்டும் ஏறினால் போன கிறிஸ்துமஸின் ஆசை இன்னும் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது என்று பொருள். மோகம் போன பொம்மைக்குப் பாதி விலை கிடைப்பதே பெரிய காரியம்.

கோலெக்கோவுக்கு மோகம் போனது சட்டென்று. 1985-ல் சுமார் 60 கோடி டாலருக்கு விற்ற கேபேஜ் பேட்ச், அடுத்த ஆண்டே 25 கோடிக்குச் சரிந்தது. 1986-ல் நிறுவனத்தின் நஷ்டம் சுமார் 11 கோடி டாலர். அதைத் தாங்கும் கொழுப்பும் உடம்பில் இல்லை. ஆடம் என்ற வீட்டுக் கணினியில் அதற்கு முன்பே சூடுபட்டிருந்தது. அந்தக் கணினிக்கு மின்சாரம் அச்சுப்பொறி வழியாகத்தான் வரும். அச்சுப்பொறி பழுதானால் எல்லாமே படுத்துவிடும். சுவிட்சைப் போட்டதும் எழும் மின்காந்த வீச்சு, உள்ளே விட்டுவைத்த நாடாவில் இருந்ததை அழித்துவிடவும் செய்யும். பொம்மைக்காரர்கள் கணினி செய்தால் அப்படித்தான் என்று சிரித்துவிடலாம். பங்குதாரருக்குச் சிரிப்பு வராது. 1985 தொடக்கத்தில் ஆடமைக் கைவிட்டார்கள்.

அப்புறம் செய்ததுதான் எனக்குப் புரிவதில்லை. 1986-ல் ஸ்க்ராபிள் பலகை விளையாட்டை விற்றுவந்த செல்சோ அண்ட் ரைட்டர் நிறுவனத்தைச் சுமார் 7.5 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஸ்க்ராபிள் நல்ல சொத்து, சந்தேகமில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் இன்னொரு நட்சத்திரமான ட்ரிவியல் பர்சூட் விளையாட்டின் அலை ஏற்கெனவே ஓய்ந்துகொண்டிருந்தது. கோலெக்கோவின் தலையிலோ கடன் பத்திரச் சுமை. நானாக இருந்தால் 1986 ஆண்டறிக்கையைப் படித்த வாரமே பங்கை விற்றிருப்பேன். அடுத்த ஆண்டு, தொலைக்காட்சித் தொடரில் வந்த ஆல்ஃப் என்ற வேற்றுக்கிரகவாசியின் பொம்மை நன்றாக விற்றது. நிறுவனம் மீண்டுவிடும் என்று காத்திருக்க அது ஒரு சாக்கு. அந்த ஆண்டும் நஷ்டம் 10 கோடி டாலரைத் தாண்டியது.

நிறுவனம் திவாலானால் அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர் முதலில், பிணையில்லாமல் கடன் கொடுத்தவர் அடுத்து, பங்குதாரர் கடைசியில் என்பதுதான் வரிசை. 1989-ல் கேபேஜ் பேட்ச், ஸ்க்ராபிள் உள்ளிட்ட கோலெக்கோவின் முக்கியச் சொத்துகளை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் வாங்கிக்கொண்டது. மொத்தத்துக்கும் அது கொடுத்த ரொக்கம் சுமார் 8.5 கோடி டாலர். செல்சோ அண்ட் ரைட்டரை வாங்க மட்டும் கோலெக்கோ கொடுத்ததைவிட ஒரே ஒரு கோடி கூடுதல். கடன்காரர்களுக்குப் போக மிஞ்சினால்தான் அதில் பங்குதாரருக்கு.