தண்டவாள ஓரத்துக் கொங்கிறீட் பெட்டிகள்: 1940இல் பிரித்தானியா கட்டிய காவலரண்கள்

லண்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் விம்பிள்டன் பிள்ளையார் கோவிலுக்குப் போகிறவர்கள், பட்னி பிரிட்ஜ் நிலையம் கழிந்ததும் தேம்ஸ் ஆற்றைக் கடப்பார்கள். அந்த ரயில் பாலம் தொடங்கும் இடத்துக்கு அருகே செங்கல்லால் கட்டிய உயரமான சிறிய கட்டடம் ஒன்று நிற்கிறது. அதற்கு ஒழுங்கான ஜன்னல் கிடையாது. குறுகிய துளைகள்தான் இருக்கின்றன. சிக்னல் வேலைக்காரர்களின் பழைய அறையாக்கும் என்று நினைத்துக்கொண்டு கடந்து போகிறோம். அது ஒரு காவலரண். ஜேர்மனியப் படை அந்தப் பாலத்தால் தேம்ஸைக் கடக்க முயன்றால், உள்ளே இருந்து சுடுவதற்காக இரண்டாம் உலகப் போரின்போது கட்டப்பட்டது.

இப்படியானவை லண்டனுக்கு வெளியே இன்னும் கூடுதலாகக் கண்ணில் படும். கென்ற் பகுதியில் பாடொக் வூட்டிலிருந்து மெய்ட்ஸ்டனுக்குப் போகும் ரயில் மெட்வே ஆற்றோரமாகப் போகிறது. சரே பகுதியில் கில்ட்ஃபோர்ட்டிலிருந்து டோர்க்கிங் வழியாக ரெட்ஹில்லுக்கு ஒரு பாதை உண்டு. ரெடிங்கிலிருந்து நியூபரி பக்கம் போகும் பாதை கெனற் ஆற்றையும் கால்வாயையும் ஒட்டிச் செல்கிறது. இந்த மூன்று பாதைகளையும் அண்டிய ஆற்றங்கரைகளிலும் வயல்களிலும் அறுகோண வடிவக் கொங்கிறீட் பெட்டிகள் பற்றைக்குள் பாதி மறைந்து கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றைப் 'பில்பொக்ஸ்' என்பார்கள், மாத்திரைச் சிமிழ் என்று பொருள். முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே வழக்கத்துக்கு வந்த பெயர் அது.

எங்களில் பலருக்குக் காவலரண் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் இந்த நாட்டுக் காவலரண்கள் ஏன் இந்த இடங்களில் இருக்கின்றன, ஏன் இத்தனை ரயில் பாதைகளோடு சேர்ந்து வருகின்றன என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1940 கோடைகாலத்துப் பயம்

1940 மே 10ஆம் திகதி ஜேர்மனி மேற்கு ஐரோப்பா மீது படையெடுத்தது. பத்தே நாட்களில் அதன் டாங்கிகள் பிரான்ஸைக் குறுக்கறுத்துக் கடற்கரையை எட்டிவிட்டன. முதல் நாளிலேயே ஒல்லாந்தின் மூர்டைக் என்ற இடத்தில் பரசூட் படையினர் குதித்து, அங்கிருந்த வீதிப் பாலத்தையும் ரயில் பாலத்தையும் உடைபடாமல் கைப்பற்றினார்கள். இந்த இரண்டு செய்திகளும் பிரித்தானியத் தளபதிகளின் மனதில் ஆழமாகப் பதிந்தன. டாங்கி வந்தால் நிற்காது. பாலத்துக்குக் காவல் இல்லாவிட்டால் அது எதிரியின் பாலமாகிவிடும்.

மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கேர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3,38,000 வீரர்கள் கப்பல்களிலும் படகுகளிலும் மீட்கப்பட்டார்கள். ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பீரங்கிகளும் டாங்கிகளும் வாகனங்களும் பெரும்பாலும் பிரான்ஸிலேயே கைவிடப்பட்டன. எதிரி கடலைக் கடந்து வந்தால் எதிர்த்து நிற்கக் கனரக ஆயுதம் போதாது என்ற நிலை.

மே 27ஆம் திகதி உள்நாட்டுப் படைகளின் தளபதியாக ஜெனரல் எட்மண்ட் அயன்சைட் நியமிக்கப்பட்டார். அவருடைய திட்டத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன. கடற்கரையில் முதல் தடை. அதற்குப் பின்னால் நாட்டுக்குள்ளே வரிசை வரிசையாகத் தடுப்புக் கோடுகள். அதற்கும் பின்னால், எங்கே தேவையோ அங்கே விரைந்து செல்லக்கூடிய சேமப்படை. தடுப்புக் கோடுகளில் பெரியது பிரிஸ்டல் பக்கத்திலிருந்து ரெடிங் வழியாக வந்து, லண்டனின் தெற்கைச் சுற்றி, மெட்வே ஆற்றைப் பிடித்து, பின் எசெக்ஸ், கேம்பிரிட்ஜ் பக்கமாக வடக்கே ஏறியது. மேலே சொன்ன மூன்று ரயில் பாதைகளும் அந்தக் கோட்டை அண்டியே போகின்றன.

ஏன் ரயில் பாதை?

டாங்கியை மறிக்க ஆழமான அகழி வேண்டும், அல்லது செங்குத்தான மண் அணை வேண்டும். நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு அவற்றைப் புதிதாக வெட்டவோ கட்டவோ நேரம் இருக்கவில்லை. அதனால் ஏற்கெனவே நிலத்தில் இருப்பதைப் பயன்படுத்தினார்கள். முதலில் ஆறுகள், அடுத்துக் கால்வாய்கள், அவற்றோடு ரயில் பாதைகள்.

ரயிலால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் பாதை போட்டவர்கள் பள்ளமான இடங்களில் உயர்ந்த மண் அணை கட்டினார்கள். மேடான இடங்களை ஆழமாக வெட்டினார்கள். அந்த அணையும் வெட்டும் டாங்கிக்கு நல்ல தடைகள். ஒரு நூற்றாண்டுக்கு முன் கூலியாட்கள் மண்வெட்டியால் செய்த வேலை, 1940இல் செலவில்லாத கோட்டை மதிலாக வந்து வாய்த்தது.

ஆனால் எந்த மதிலுக்கும் வாசல் உண்டு. ரயில் அணையின் வாசல்கள், வீதி அதற்குக் கீழே போகும் பாலங்களும், மேலே போகும் பாலங்களும், ரயில் கடவைகளும்தான். எதிரி அந்த இடங்களால்தான் வரவேண்டும். அதனால் அங்கேதான் காவலரண்கள் கூடுதலாக எழுந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. படையும் வெடிபொருளும் நிலக்கரியும் உணவும் ரயிலில்தான் போயின. ஒரு சந்தியோ சுரங்கமோ பெரிய பாலமோ பரசூட் படையின் கையில் விழுந்தால், சேமப்படை நகர முடியாது. ஆகவே சில காவலரண்கள் எந்தக் கோட்டிலும் சேராமல் ஒரேயொரு பாலத்துக்கு மட்டும் காவலாகக் கட்டப்பட்டன.

ஒரு காவலரணைப் படிப்பது எப்படி?

1940 ஜூனில் போர் அமைச்சின் பொறியியல் பிரிவு சில மாதிரி வரைபடங்களை வெளியிட்டது. அவற்றுக்கு 22, 24, 26 என்று எண்கள் இருந்தன. அதிகம் கட்டப்பட்டது 24ஆம் இலக்கம். அது ஆறு பக்கம் கொண்டது, ஒரு பக்கம் மட்டும் மற்றவற்றைவிட நீளமானது. அந்த நீளப் பக்கத்தில்தான் வாசல் இருக்கும். வாசல் எப்போதும் பின்பக்கம். அதற்கு எதிர்ப்புறமாக நின்று பார்த்தால், எதிரி எந்தத் திசையிலிருந்து வருவான் என்று எதிர்பார்த்தார்கள் என்பது விளங்கிவிடும்.

சுவரில் உள்ள துளைகள் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும் றைபிளுக்கும் உரியவை. துவக்குக்குண்டை மட்டும் தாங்கும் சுவர் ஏறத்தாழ ஓர் அடித் தடிப்பு. எறிகணையைத் தாங்க வேண்டியது மூன்றடிக்கும் மேல். உள்ளே நடுவில் ஒரு கொங்கிறீட் சுவர் நிற்கும். துளை வழியாக உள்ளே பாயும் குண்டு சுவர்களில் பட்டுத் தெறித்து எல்லோரையும் கொல்லாமல் தடுப்பது அதன் வேலை. பலகைத் தட்டுப்பாடு இருந்த இடங்களில் வெளியே செங்கல் அடுக்கி, அதையே அச்சாக வைத்து உள்ளே கொங்கிறீட் ஊற்றினார்கள். அதனால்தான் சில அரண்கள் செங்கல் கொட்டில் போலத் தெரிகின்றன. ரயில் பாதை அருகே இருந்த சிலவற்றுக்குக் கூரை, போலி ஜன்னல் எல்லாம் வைத்து ரயில்வேக் கட்டடங்கள் போல வேஷமும் போட்டார்கள்.

வீதியை மறிக்கத் தண்டவாளமே பயன்பட்டது. உருக்குத் தண்டவாளத்தை வளைத்து, வீதியில் வெட்டிய குழிகளில் செருகி நிறுத்துவார்கள். எங்கள் வாகனம் போகவேண்டுமென்றால் கழற்றி எடுக்கலாம். பாலத்தின் இரு பக்கமும் பெரிய சதுரக் கொங்கிறீட் கட்டிகளை வைத்தார்கள். அந்தக் கட்டிகள் சில இடங்களில் இன்னும் இருக்கின்றன.

கவச ரயிலில் இருந்த அகதிப் படை

காவலரண் நகராது. நகரும் காவலாக 1940 கோடையில் 12 கவச ரயில்கள் உருவாக்கப்பட்டன. சாதாரணச் சரக்குப் பெட்டிகளுக்கு உருக்குத் தகடும் கொங்கிறீட்டும் போட்டு, முதலாம் உலகப் போர்க் காலத்து டாங்கிப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். கென்ற் கரையோரத்தில் 15 அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் ரொம்னி, ஹைத் சிறு ரயிலுக்குக்கூட ஒரு குட்டிக் கவச வண்டி செய்தார்கள்.

இந்தக் கவச ரயில்களைப் பின்னர் பொறுப்பேற்றவர்கள் போலந்து வீரர்கள். நாடு ஆக்கிரமிக்கப்பட்டு, பிரான்ஸுக்குப் போய், அங்கும் தோல்வி கண்டு பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்தவர்கள். தங்கள் ஊருக்குத் திரும்பும் நாளை எதிர்பார்த்தபடி, அடைக்கலம் தந்த நாட்டின் தண்டவாளங்களைக் காத்தார்கள். போர் முடிந்தும் அவர்களில் பெருந்தொகையானோரால் திரும்ப முடியவில்லை. அவர்கள் இங்கேயே குடியமர 1947இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

நேரம் வாங்கும் வேலை

இங்கிலாந்தின் தென்மேற்கில் டோன்டன் தடுப்புக் கோடு என்று ஒன்று உண்டு. ஆங்கிலக் கால்வாய்க் கரையிலிருந்து பிரிஸ்டல் கால்வாய்க் கரைவரை சுமார் 50 மைல். ஆறு, கால்வாய், ரயில் பாதை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி அது போகிறது. அதில் ஒரு பகுதியாக இருந்த சார்ட் கிளைப்பாதையில் 1962இல் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. இன்று அந்தப் பக்கமாகச் சைக்கிள் பாதை போகிறது. அதன் பெயரே 'ஸ்டொப் லைன் வே'. பிள்ளைகளோடு போய்ப் பார்ப்பதற்கு வசதியான இடம்.

இந்த அரண்கள் எதிரியை வெல்வதற்கென்று கட்டப்படவில்லை. உள்ளே இருக்கவேண்டியவர்களில் பலர் உள்ளூர்த் தொண்டர் படையினர். ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்தார்கள். டாங்கிப் படையின் முன் அவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். எதிரியைச் சில மணி நேரமாவது தாமதிக்க வைத்து, சேமப்படை வந்து சேர அவகாசம் வாங்கிக் கொடுப்பதுதான் நோக்கம். அந்தச் சில மணி நேரத்துக்கு விலையாகப் போவது உள்ளே இருப்பவர்களின் உயிர்.

அந்த விலை கேட்கப்படவில்லை. ஜூலையில் அயன்சைட்டுக்குப் பதிலாக அலன் புறூக் வந்தார். நீண்ட கோடுகளில் ஆட்களை முடக்குவதை அவர் விரும்பவில்லை. நகரும் படைக்கு முதலிடம் கொடுத்தார். செப்டெம்பர் 17ஆம் திகதி ஹிட்லர் படையெடுப்பை ஒத்திவைத்தார். ஏறத்தாழ 28,000 அரண்கள் கட்டப்பட்டிருக்கலாம் என்றும், அவற்றில் 6,500 அளவில் எஞ்சியுள்ளன என்றும் மதிப்பிடப்படுகிறது. 1995 முதல் 2002 வரை நூற்றுக்கணக்கான தொண்டர்கள் ஊர் ஊராகப் போய், 20ஆம் நூற்றாண்டுப் பாதுகாப்புக் கட்டுமானங்கள் ஏறத்தாழ 20,000ஐப் பதிவு செய்தார்கள். படம் எடுத்து, அளந்து, வயோதிபர்களிடம் கேட்டு எழுதி வைத்தார்கள்.

எங்கள் தண்டவாளங்கள்

பிரித்தானியாவில் ரயில் அணை அரணானது, தண்டவாளம் வீதித் தடையானது. ஈழத்தின் வடக்கில் அது இன்னொரு விதமாக நடந்தது. 1990இல் யாழ்தேவி நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டு, இரு தரப்புக் காவலரண்களுக்கும் கூரையும் முட்டும் ஆயின. பாதையே காணாமல் போனது. மீண்டும் புதிதாகப் போடப்பட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் போனது.

சுடுவதற்கான காவலரண் வேறு, சனம் ஒளிந்திருந்த பதுங்குகுழி வேறு. வளவுக்குள் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடிய பங்கருக்கு இந்த நாட்டிலும் ஒரு சோடி இருந்தது. 1939 முதல் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்ட 'அன்டர்சன் ஷெல்டர்' அது. தோட்டத்தில் கிடங்கு வெட்டி, வளைந்த தகரத்தை இறக்கி, மேலே மண் போட்டு மூடுவார்கள். எங்கள் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் அதைப் பற்றிப் படிக்கிறார்கள், அட்டையில் மாதிரியும் செய்கிறார்கள். தங்கள் அம்மம்மாவும் அப்படியொரு கிடங்குக்குள் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

கொங்கிறீட் 80 வருடத்துக்கு மேலாக நிற்கிறது. மண்ணும் பனங்குற்றியும் ஓரிரு மாரிக்கே உக்கிப் போகும். எங்கள் பங்கர்கள் நிலத்தில் எஞ்சப் போவதில்லை. வளவில் எந்த மரத்தடியில் வெட்டினோம், யார் வெட்டினது, எத்தனை பேர் உள்ளே இருந்தோம் என்பதெல்லாம் இப்போது இருக்கிறவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் உண்டு. ஒரு கொப்பித் தாளில் வளவின் படத்தைக் கீறி, அந்த இடத்தைக் குறித்து, திகதியையும் எழுதி வைத்தால் அதுவும் ஒரு பதிவுதான்.

காவலரண்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் ரயிலில் இருந்தோ பொது நடைபாதையில் இருந்தோ பாருங்கள். தண்டவாளப் பக்கம் இறங்க வேண்டாம். தென்கிழக்கு இங்கிலாந்தின் பல பாதைகளில் நிலத்தோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. சில அரண்களில் வௌவால்கள் குடியிருக்கின்றன, அவற்றைக் குழப்புவது சட்டப்படி குற்றம். வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எதிரி எங்கிருந்து வருவான் என்று நினைத்தார்கள் என்பதை அவர்களே சொல்லுவார்கள். அடுத்த கேள்வி அனேகமாக உங்களிடம்தான் வரும்.