அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை, உங்களுக்கு?

“எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சர்க்கரை. எனக்கும் வரத்தான் போகுது. அதுக்கு இப்பவே ஏன் வாயைக் கட்டணும்?” திருவனந்தபுரத்தில் கரமனையிலோ சாலைக் கடைத்தெருவிலோ நாற்பதைத் தாண்டிய யாரிடம் பேசினாலும் இது வந்துவிடும். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். கேரளத்தில் இப்படிப் பேசக் காரணமும் உண்டு. 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்த மாநிலத்தில் வயது வந்தவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4 சதவீதம்தான்.

அப்படியானால் பெற்றோரிடமிருந்து நோய்தானே வருகிறது? இல்லை, நோய்க்கான வாய்ப்பு வருகிறது. நடுவயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைத்தான் இங்கே பேசுகிறோம். அதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணு (உடல் எப்படி இயங்க வேண்டும் என்று செல்லுக்குள் இருக்கும் குறிப்பு) அல்ல. ஏராளமான மரபணுக்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து உங்களை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுகின்றன. அவ்வளவுதான்.

எவ்வளவு தள்ளுகின்றன? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்வோம். ரத்தம் எடுக்க வேண்டாம், ஒரு டேப் போதும். மொத்தம் 100. வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 49 வரை 20, அதற்கு மேல் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தொட்டால் 10, பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 100 என்றால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. உடற்பயிற்சியோ உடலுழைப்போ ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இருந்தால் 0. கூட்டி 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம்.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு பெண்கள், இருவருக்கும் 45 வயது. முதலாமவரின் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை; ஆனால் நாள் முழுக்க நாற்காலியில், நடை கிடையாது, இடுப்பு 92 செ.மீ. அவருக்கு 70. இரண்டாமவருக்கு அப்பா, அம்மா இருவருக்குமே சர்க்கரை. அவரும் ஆபீஸ் வேலைதான், ஆனால் தினமும் நடக்கிறார், இடுப்பு 78 செ.மீ. அவருக்கு 60. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்தான் மேலே நிற்கிறார்!

இந்த மதிப்பெண் முறை ஆளைச் சலித்தெடுக்கும் ஒரு கருவி, நோயின் காரணத்தைப் பங்கு பிரித்துக் காட்டும் தராசு அல்ல. இடுப்பு பெருப்பதிலும் பரம்பரைக்குக் கொஞ்சம் கை உண்டு. ஆனாலும் பெற்றோருக்கு 20, இடுப்புக்கும் உழைப்புக்கும் சேர்த்து 50 என்று இருப்பதைப் பார்த்தபிறகு “தலையெழுத்து” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரபணு மாறாதே, பிறகு நடந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். டிசிஎஃப்7எல்2 என்று ஒரு மரபணு. அதன் ஒரு வகை இருப்பவர்களுக்குக் கணையம் தேவையான அளவு இன்சுலினை (ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் சுரப்பு) விடுவதில் சுணக்கம் வருகிறது. சின்ன மோட்டார் வைத்த வீடு மாதிரி: மோட்டாரை மாற்ற முடியாது, ஒழுகும் குழாய்களை அடைக்கலாம். நடக்கும்போது தசை குறைந்த இன்சுலினிலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது; இடுப்புக் கொழுப்பு குறைந்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் இதைச் சோதித்தார்கள். அந்த மரபணு வகையைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்களில், சும்மா விடப்பட்டவர்களுக்கு ஆபத்து தெளிவாகக் கூடியது. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் அந்தக் கூடுதல் ஆபத்து ஏறக்குறையக் காணாமல் போனது. முடிவு 2006-இல் வெளியானது.

அது அமெரிக்கா, நம் உடம்புக்கு ஒத்துவருமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை எடுத்தது. எல்லோரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். 3 ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது; தினமும் அரை மணி வேக நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் அதே அளவுதான். ஆனால் நடந்தவர்களிலும் பத்தில் நாலு பேருக்கு நோய் வந்திருக்கிறது, கவனியுங்கள். நடை காப்புறுதி தருவதில்லை, கணக்கை உங்கள் பக்கம் திருப்புகிறது.

சரி, இங்கே திருவனந்தபுரத்தில்? ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர் கே.ஆர். தங்கப்பன் உள்ளிட்டோர் நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்து, மேலே சொன்ன மதிப்பெண்ணில் 60-ஐத் தொட்ட 1,007 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பகுதிகளில் ஒரு கையேடு மட்டும். மீதியில் ஓராண்டில் 15 கூட்டங்கள். பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே.

இரண்டு ஆண்டு கழித்து, கையேடு பெற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும், கூட்டத்துக்கு வந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் நோய். வித்தியாசம் சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் 2018-இல் ஆய்வாளர்களே எழுதினார்கள். அப்படியானால் தோல்வியா? நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காய்கறி, பழம் போதிய அளவு சாப்பிடுவோர் கூடினார்கள், மது குறைந்தது, ஆபத்து மதிப்பெண்ணும் இறங்கியது. சென்னையில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தவர்களை மட்டும் எடுத்தார்கள். இங்கே மதிப்பெண்ணை வைத்து எடுத்தார்கள். வாசலில் நிற்பவருக்குத்தான் பலன் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்.

எனவே நீங்கள் வாசலில் நிற்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வெறும் வயிற்றுப் பரிசோதனையோடு நிறுத்த வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். 140-க்குக் கீழ் என்றால் நிம்மதி. 140 முதல் 199 வரை ப்ரீடயபெடீஸ் (நோய்க்கு முந்தைய நிலை). காலையில் எண் ஒழுங்காக இருந்து இதில் மட்டும் மாட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு.

இடுப்பை எப்படி அளப்பது? பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே தையல்கார டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபிறகு படியுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான்.

சாப்பாட்டில் எதை விடுவது? மட்ட அரிசிதானே என்று குவிப்பவர்கள் இங்கே அதிகம். தீட்டிய வெள்ளை அரிசியைவிட அது மேல்தான், ஆனால் குவியல் குவியல்தான். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் தோரனும் அவியலும் பயறும் வரட்டும். புட்டுக்குப் பழமும் சர்க்கரையும் வேண்டாம், கடலைக்கறி போதும். மரச்சீனி மாவுச்சத்து, மீன் குழம்போடு சாப்பிடும்போது சோறு என்றே கணக்கு வையுங்கள். நாலு மணி டீயோடு பழம்பொரி தினசரி வழக்கமாக வேண்டாம். டீ ஒன்றுக்கு 2 ஸ்பூன் என்றால் நாலு டீயில் 8 ஸ்பூன் சர்க்கரை, 30 கிராமுக்கு மேல்; இதை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். கல்யாண வீட்டில் போளியைப் பால்பாயசத்தில் முக்கிச் சாப்பிடுவதை? அதைச் சாப்பிடுங்கள். வருஷத்துக்கு எத்தனை கல்யாணம்!

நடக்க மியூசியம் வளாகத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. தெரு போதும், மழைக்காலத்தில் மொட்டை மாடிக் கூரையின் கீழும் நடக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வாரத்தில் 150 நிமிடம். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அடங்கும்.

எல்லாப் பரம்பரை நோயும் இப்படி வளைந்து கொடுக்குமா? கொடுக்காது. பிறப்பிலிருந்தே கெட்ட கொழுப்பு மிக அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு; அங்கே இளம் வயதிலேயே மாரடைப்பு வரும். நடையும் உணவும் உதவும், ஆனால் மாத்திரை இல்லாமல் முடியாது. ஒரே மரபணுவால் சின்ன வயதில் வரும் சர்க்கரை நோயும் உண்டு. உங்கள் வீட்டில் 55 வயதுக்குள் ஆண்களுக்கோ 65-க்குள் பெண்களுக்கோ மாரடைப்பு வந்திருந்தால், அல்லது மூன்று தலைமுறையாக 25 வயதுக்குள் சர்க்கரை பிடித்திருந்தால், யாருக்கு எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றபடி பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் 30 வயதிலிருந்தே பரிசோதனையைத் தொடங்குங்கள். ப்ரீடயபெடீஸ் என்று வந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, இல்லையென்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை.