படிகாரம் வளர்க்கும் பிள்ளைகள்

அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தை ஒட்டிச் சின்னச் சின்னத் தபால் பொட்டலங்கள் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றிலும் பத்திரமாகச் சுற்றிவைத்த ஒரு கல். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் ஒரு போட்டிக்காகத் தாங்களே வளர்த்து அனுப்பிய படிகங்கள் அவை. அனுப்புகிறவர்களில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளும் உண்டு.

ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டைச் சர்வதேசப் படிகவியல் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டில்தான் பஃபலோவின் வேதியியல் பேராசிரியர் ஜேசன் பெனடிக்ட் இந்தப் போட்டியைத் தொடங்கினார். எல்லோருக்கும் ஒரே மூலப்பொருள், ஏறக்குறைய ஐந்து வாரக் கெடு. வளர்ந்ததில் மிகச் சிறந்த ஒரே ஒரு ஒற்றைப் படிகத்தை அனுப்ப வேண்டும். ஆசிரியர்களும் கலந்துகொள்ளலாம், அவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

அந்த மூலப்பொருள் நமக்கு மிகவும் பழக்கமானது: படிகாரம். சவரக் கடையில் முகம் மழித்தபின் கன்னத்தில் தேய்ப்பதும், கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பதும், திருஷ்டி கழியட்டும் என்று வாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்குவதும் அதுதான். வேதியியலில் அது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். கையில் எடுத்தால் உலர்ந்த கல். ஆனால் அதன் எடையில் 45 சதவீதத்துக்குமேல் தண்ணீர். படிகத்துக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்ட தண்ணீர் அது.

எட்டு வயதுப் பிள்ளைக்குப் படிகாரம் ஏற்றது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில், 20 டிகிரி செல்சியஸில் சுமார் 14 கிராம் படிகாரம்தான் கரையும். 50 டிகிரியில் ஏறக்குறைய 37 கிராம் கரையும். சூடான தண்ணீரில் நிறையக் கரைத்து ஆறவிட்டால், தண்ணீரால் தாங்க முடியாத மீதி எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். அது எப்படி வருகிறது என்பதில்தான் போட்டியே இருக்கிறது.

சட்டென்று குளிரவைத்தால் பொடிப் பொடியாக ஆயிரம் படிகங்கள் அடியில் கொட்டும். மெல்ல ஆறவிட்டால் சில மட்டுமே உருவாகி, கிடைப்பதையெல்லாம் அவையே எடுத்துக்கொண்டு பெரிதாகும். அதனால் பிள்ளைகள் முதலில் கொஞ்சம் கரைசலைத் தட்டில் ஊற்றி ஓரமாக வைக்கிறார்கள். ஓரிரு நாளில் குட்டிப் படிகங்கள் தோன்றும். அவற்றில் கறை இல்லாத, முனை உடையாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெல்லிய நைலான் நூலில் கட்ட வேண்டும். இதுதான் விதைப் படிகம். சிறு விரல்களுக்கு இந்த முடிச்சு ஒரு பெரிய சோதனை. வகுப்பில் அழுகையும் ஆரவாரமும் கேட்கும் கட்டம் இது.

பிறகு புதிய கரைசலின் நடுவே விதையைத் தொங்கவிட வேண்டும். கரைசலில் படிகாரம் போதாமல் இருந்தால் விதை வளர்வதற்குப் பதில் தானே கரைந்து காணாமல் போகும். அளவுக்கு மிஞ்சியிருந்தால் நூலெங்கும் அடியெங்கும் வேண்டாத படிகங்கள் முளைத்து, விதைக்குச் சேர வேண்டியதைப் பங்கு போட்டுக்கொள்ளும். அப்போது படிகத்தை வெளியே எடுத்து, கரைசலைச் சூடாக்கி, வடிகட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி தொங்கவிட வேண்டும். சூடு ஆறுமுன் விட்டால் ஒரு வார உழைப்பு கண்முன்னே கரையும். தூசி விழாமலும் தண்ணீர் வேகமாக ஆவியாகாமலும் இருக்கப் பாத்திரத்தின் வாயை மெல்லிய துணியால் மூடி, வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத இடத்தில் வைக்கிறார்கள். வெப்பநிலை ஏறி இறங்கினால் படிகத்தில் அது தெரிந்துவிடும்.

நன்றாக வளர்ந்த படிகாரத்துக்கு எட்டு முகங்கள். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற வடிவம். இந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்பது குழந்தைகள் தவறாமல் கேட்கும் கேள்வி. கேட்கத் தகுந்த கேள்வியும்கூட. படிகத்தின் எல்லாத் திசைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. வேகமாக வளரும் முகங்கள் சுருங்கிச் சுருங்கி மறைந்துவிடும். மிக மெதுவாக வளரும் முகங்களே கடைசியில் மிஞ்சுகின்றன. படிகம் கடுகளவு இருந்தாலும் கைப்பிடி அளவு இருந்தாலும் பக்கத்துப் பக்கத்து முகங்களுக்கு இடையிலான கோணம் சுமார் 109.5 டிகிரி. ஒரு கனிமத்தின் படிகங்களில் கோணங்கள் மாறுவதில்லை என்பதைக் குவார்ட்ஸ் கற்களைக் கொண்டு 1669இல் எழுதிவைத்தவர் டென்மார்க்கின் நிக்கோலஸ் ஸ்டெனோ. அட்டையில் வெட்டிய கோணமானியை வைத்து நான்காம் வகுப்புப் பிள்ளை இதைத் தானே சரிபார்க்கலாம்.

பஃபலோ நடுவர்கள் எடையை மட்டும் பார்த்துப் பரிசு கொடுப்பதில்லை. முகங்கள் தட்டையாக இருக்கின்றனவா, விளிம்புகள் உடையாமல் இருக்கின்றனவா, கல் தெளிவாக இருக்கிறதா, உள்ளே கரைசல் சிக்கிக் குமிழும் மேகமும் உண்டாகியிருக்கிறதா, படிகாரத்துக்கு உரிய வடிவம் வந்திருக்கிறதா என்று தரத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். மிக நியாயமான விதி இது. அவசரப்பட்டு வளர்த்த பெரிய கல் உள்ளே கலங்கியிருக்கும். பொறுமையாக வளர்த்த சிறிய கல் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். பல அறிவியல் கண்காட்சிகளில் பெற்றோர் இரவோடு இரவாகச் செய்து கொடுக்கும் மாதிரிகள் மேசையை நிறைக்கின்றன. ஐந்து வாரம் அன்றாடம் பார்த்துப் பராமரிக்க வேண்டிய ஒன்றை அப்படிச் செய்துவிட முடியாது.

இந்த விளையாட்டு எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு டோரதி ஹாட்ஜ்கின் சாட்சி. இங்கிலாந்தில் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, ஒரு சிறிய வகுப்பில் அவர் வளர்த்தது படிகாரமும் மயில்துத்தமும்தான். பதினாறாம் பிறந்தநாளுக்கு அவருடைய அம்மா வாங்கிக் கொடுத்தது வில்லியம் ஹென்றி பிராக் எழுதிய அறிவியல் நூல். எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் பாய்ச்சி உள்ளே அணுக்கள் நிற்கும் வரிசையைக் கண்டறிவதே பின்னாளில் டோரதியின் தொழிலானது. பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டுபிடித்து 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1935இல் முதல் படம் எடுத்த இன்சுலினின் அமைப்பு அவர் குழுவுக்குப் பிடிபட 1969 ஆனது. முப்பத்து நான்கு ஆண்டுகள்!

மெதுவாக வளர்ந்தால் படிகம் எவ்வளவு பெரிதாகும் என்பதை மெக்சிகோவின் நைக்கா சுரங்கம் காட்டுகிறது. அங்கே 2000ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் கண்ட குகையில் ஜிப்சம் படிகங்கள் சில 11 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து கிடந்தன. நீர் 58 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தில் நெடுங்காலம் மாறாமல் நின்றதே காரணம் என்று விளக்கியவர்களில் ஸ்பெயினின் ஹுவான் மனுவேல் கார்சியா ரூயிஸ் முக்கியமானவர். தம் நாட்டுப் பள்ளிகளில் படிக வளர்ப்புப் போட்டிகளைப் பரப்பியவரும் அவரே.

நம் பள்ளிகளில் இதைச் செய்யப் பெரிய செலவில்லை. நாட்டு மருந்துக் கடைப் படிகாரம் 100 கிராம், கண்ணாடி டம்ளர், நைலான் நூல், நாள்தோறும் பார்த்ததை எழுத ஒரு நோட்டு போதும். கடைக் கல்லில் அழுக்கு இருக்கும் என்பதால் கரைசலைக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். வெந்நீர் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நீல நிறம் அழகாக இருக்கிறதே என்று சிறு பிள்ளைகள் கையில் மயில்துத்தத்தைக் கொடுக்கக் கூடாது, அது நஞ்சு. வளர்ந்த கல்லை வெறுங்கையால் அடிக்கடி தொடாமல், உலர்த்தி, நிறமற்ற நகப்பூச்சை மெல்லப் பூசிவைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் எளிதில் வெளியேறாது. முகங்கள் வெளுக்காமல் இருக்கும்.