பல்கலைக்கழகப் பணியாளரின் பணி மனநிறைவும் மக்களியல் காரணிகளும்

வயது, பாலினம், கல்வித்தகுதி, பதவிநிலை, பணிக்காலம் முதலியன மக்களியல் காரணிகள் எனப்படும். இவற்றுக்கும் பணியாளர் தம் பணியில் அடையும் மனநிறைவுக்கும் தொடர்பு காணும் ஆய்வாளர் சிலர், அத்தொடர்பையே காரணமாகக் கொண்டுவிடுகின்றனர். வயது ஏற ஏற மனநிறைவும் ஏறும் என்பது அத்தகையதொரு கூற்று. அதனை அவ்வாறே ஏற்பதிலுள்ள இடர்ப்பாட்டை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்டு, பீட்டர் வார் ஆகிய மூவரும் ஏறத்தாழ 5,000 பிரித்தானியப் பணியாளரின் தரவுகளை ஆராய்ந்து 1996இல் தம் முடிவை வெளியிட்டனர். மனநிறைவு தொடக்கத்தில் சற்று மிகுந்து, முப்பதை ஒட்டிய அகவையில் தாழ்ந்து, பின்னரே உயர்கிறது என்பது அவர்தம் முடிவு. அடுத்த ஆண்டில் கிளார்க் பாலின வேறுபாட்டை ஆராய்ந்தார். ஊதியம் குறைவாயினும் பெண்கள் ஆண்களினும் மிகுந்த மனநிறைவைத் தெரிவித்திருந்தனர். ஆயின் இளையோரிடத்தும் உயர்கல்வி பெற்றோரிடத்தும் அவ்வேறுபாடு காணப்படவில்லை. எதிர்பார்ப்பின் குறைவே நிறைவாக வெளிப்பட்டது என்பது அவர் தரும் விளக்கம். இவ்விளக்கத்தின்படி, மனநிறைவு என்பது பெற்றதை மட்டும் அளப்பதன்று. பெற்றதை எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டு அளப்பது.

பிரித்தானியப் பல்கலைக்கழக ஆசிரியரை ஆராய்ந்த டைட்டஸ் ஓஷக்பெமி, பதவிநிலை உயர மனநிறைவும் உயர்வதைக் கண்டார். பாலினம் தனித்து நின்று அன்றி, பதவிநிலையோடு சேர்ந்தே வேறுபாடு விளைவிப்பதையும் சுட்டினார். மூத்தோர் பலர் உயர்பதவியிலும் இருப்பர். மனநிறைவின்றி விலகியோரோ வினாநிரலை நிரப்ப அங்கு இருப்பதில்லை. எனவே வயதின் பயனெனத் தோன்றுவதில் பதவியின் பங்கு எவ்வளவு, விலகியோரின் இன்மையால் வந்தது எவ்வளவு எனப் பிரித்தறிதல் வேண்டும்.

நம் சூழலில் இச்சிக்கல் மேலும் கூர்மையானது. 42 அகவையுடைய உதவிப் பேராசிரியரும் அதே அகவையுடைய கௌரவ விரிவுரையாளரும் வினாநிரலில் ஒரே வயதுக் கட்டத்துள் அடங்குவர். முன்னவருக்கு நிலையான ஊதியமும் பதவி உயர்வும் உண்டு. பின்னவர் பணி நீட்டிப்பை எதிர்நோக்கியிருப்பவர். இருவருக்கும் கூட்டிக் காணும் சராசரி இருவருள் ஒருவர் நிலையையும் உணர்த்தாது.

சொல்லாட்சியும் கருதத்தக்கது. மனநிறைவைக் குறிக்கப் ‘பணிநிறைவு’ என எழுதினால் அது ஓய்வுபெறுதலையும் குறிக்கும். ஓய்வுபெறுவோருக்கு எடுக்கப்படுவதே பணிநிறைவு விழா. இக்கட்டுரை ‘பணி மனநிறைவு’ என ஆள்வது இதனாலேயே. அவ்வினாவை 58 வயதினர் ஒரு பொருளிலும் 28 வயதினர் மற்றொரு பொருளிலும் கொள்வராயின், அட்டவணையில் தோன்றும் வயது வேறுபாடு சொற்பொருளின் வேறுபாடாகவே இருக்கக்கூடும்.