இரைப்பையில் திறந்த சாளரம்

தொண்டையைத் தாண்டிய உணவு என்ன ஆகிறது? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இவ்வினாவிற்கு அனைவரும் ஏற்ற விடை இருக்கவில்லை. இரைப்பை உணவை ஆட்டுக்கல்லைப்போல் அரைக்கிறது என்றனர் சிலர். உடற்சூட்டில் உணவு வேகிறது என்றனர் வேறு சிலர். ஒருவகை நீர் அதனைக் கரைக்கிறது என்றனர் மற்றும் சிலர். இவ்விவாதத்தில் தெளிவு பிறக்க ஒரு விபத்து காரணமாயிற்று.

1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் எனும் கனடியத் தொழிலாளி இருந்தபோது, அருகிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அவருடைய வயிற்றின் மேற்பகுதி சிதைந்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் அவருக்குச் சிகிச்சை அளித்தார். பிழைக்கமாட்டார் என எண்ணப்பட்டவர் உயிர் பிழைத்தார். ஆயினும், காயம் முழுமையாக மூடவில்லை. இரைப்பைக்குள் நேரே பார்க்கும்படி ஒரு துளை நிலைத்துவிட்டது.

1825-இல் போமாண்ட் தம் ஆய்வைத் தொடங்கினார். உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி, அத்துளை வழியே இரைப்பைக்குள் இறக்கினார். குறித்த நேரத்தில் வெளியே எடுத்துப் பார்த்தார். இரைப்பைநீரைக் குப்பியில் எடுத்து, அதில் இறைச்சித் துண்டை இட்டு, உடற்சூட்டில் வைத்தார். உடலுக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது. செரிமானத்தில் வேதியியல் மாற்றம் நிகழ்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. சினமும் மனக்கலக்கமும் செரிமானத்தைத் தடைசெய்வதையும் அவர் கண்டறிந்தார். இந்த முடிவுகள் 1833-இல் நூலாக வெளிவந்தன.

செரிமான மண்டலத்தின் பிற பகுதிகளின் செயல்களையும் அறிவியல் பின்னர் விளக்கியது. நாசி லெமாக் உண்ணும் ஒருவரின் உடலில் நிகழ்வதை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சோற்றில் மாவுச்சத்தும், முட்டையிலும் நெத்திலியிலும் புரதமும், தேங்காய்ப்பாலில் கொழுப்பும் உள்ளன. இம்மூன்றும் வெவ்வேறு இடங்களில் செரிக்கத் தொடங்குகின்றன.

முதலில் வாய். பற்கள் உணவை அரைக்கும்போதே உமிழ்நீரிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சிதைக்கத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிப்பதற்கு இதுவே காரணம். பின்னர், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் உணவைக் கீழே தள்ளுகிறது. அதன் தசைகள் அலையலையாகச் சுருங்கி விரிவதால், ஒருவர் தலைகீழாக நின்றாலும் விழுங்கிய உணவு இரைப்பையையே அடையும்.

இரைப்பையில் வலிமையான அமிலமும் நொதியும் சேர்ந்து புரதத்தைச் சிதைக்கின்றன. அமிலம் பல கிருமிகளையும் அழிக்கிறது. இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் ஒன்று கவசம்போல் காக்கிறது. அப்படலம் சேதமடைந்தால் அமிலம் சுவரையே தாக்கும், புண் உண்டாகும்.

சில மணி நேரத்திற்குப் பின் கூழான உணவு சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குச் செல்கிறது. செரிமானத்தின் பெரும்பகுதி இங்குதான் நிகழ்கிறது. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாகப் பிரிக்கிறது. கணையநீர் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் சிதைக்கிறது. சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவரில் மிகச் சிறிய விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் எண்ணற்றவை உள்ளன. அவற்றின் வழியாகவே சத்துகள் உடலுக்குள் சேர்கின்றன. இம்மடிப்புகளை எல்லாம் விரித்துப் பரப்பினால், அவை ஏறக்குறைய 30 சதுர மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பூப்பந்து மைதானத்தில் பாதிக்கும் குறைவான பரப்பு அது.

எஞ்சியது பெருங்குடலை அடைகிறது. அங்கு நீர் உறிஞ்சப்படுகிறது. அங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள், உடலால் செரிக்க இயலாத நார்ச்சத்தின் ஒரு பகுதியை உணவாகக் கொள்கின்றன. காய்கறிகளும் பழங்களும் குறைந்த உணவால் மலச்சிக்கல் உண்டாகலாம்.

இவ்வறிவின் ஒரு பகுதிக்குச் செயின்ட் மார்ட்டின் கொடுத்த விலை பெரிது. ஏழையான அவர், பிழைப்புக்காக ஒப்பந்தத்தின்பேரில் போமாண்டிடம் வேலை செய்தார். ஆய்வுகளின்போது பல உடல் தொல்லைகளைத் தாங்கினார். 1880-இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை எடுத்துச் சென்று ஆராய்ந்துவிடக்கூடாது என்று குடும்பத்தார் அஞ்சினர். ஆகவே, உடல் அழுகத் தொடங்கும்வரை காத்திருந்து ஆழமாகப் புதைத்தனர். இன்று மருத்துவர்கள் கேமரா பொருத்திய மெல்லிய குழாயின் உதவியால் இரைப்பையைப் பார்க்கின்றனர். அதற்கும் நோயாளியின் ஒப்புதலைப் பெறவேண்டும். ஆய்வுக்கு உட்படுவோர் விரும்பினால் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம் என்பது இன்றைய மருத்துவ நெறியாகும்.

முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்பவரின் உடலுக்கு மருந்து வேண்டியதில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் கூறியுள்ளார். ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது முன்னோர் மொழி. பள்ளி இடைவேளையில் அவசர அவசரமாக உணவை விழுங்குவோர் ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும்: இரைப்பைக்குப் பற்கள் இல்லை. அதன்பின் வரும் உறுப்புகள் தாமாகவே இயங்குகின்றன. அவற்றுக்கு நாம் கட்டளையிட இயலாது. நம் விருப்பப்படி நடக்கும் பணி மெல்லுவது ஒன்றே. அதனையாவது நாம் செவ்வனே செய்தல் வேண்டும்.